வலி போனால் போதுமா?

எங்கள் பெரியம்மா போடும் கோலத்தைப் பார்ப்பதற்கென்றே மார்கழி மாதத்தில் தெருக்கோடியிலிருந்து பெண்கள் வருவார்களாம். இருபத்தொரு புள்ளி வைத்து, நடுவில் எங்கும் இழை அறாமல் இழுத்து முடிப்பாளாம். 'வருவார்களாம்', 'முடிப்பாளாம்' என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. எனக்கு நினைவு தெரிந்த நாளில் அந்தக் கோலம் வீட்டுப் பேச்சில் மட்டுந்தான் இருந்தது. பெரியம்மாவின் விரல்கள் காற்றில் சாய்ந்த நாற்றைப் போலச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தன. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் அவளால் கையை மடக்க முடியாது. வெந்நீர்ச் சருவத்தில் கைகளை அமிழ்த்திக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருப்பாள். காப்பி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத்தான் தூக்குவாள். வீட்டில் இதற்கு 'வாயு' என்று பெயர்.

ஒரு சமயம், பக்கத்து ஊரில் கைராசிக்காரர் என்று பெயர் வாங்கியிருந்த ஒருவரிடம் அவளை அழைத்துப் போனார்கள். அவர் காகிதப் பொட்டலத்தில் மடித்து மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாளே பெரியம்மா தானாக எழுந்து தோசை வார்த்தாள். இரண்டு மாதத்தில் அவளுடைய ஒட்டிய கன்னங்கள் உப்பி, முகம் பூரணச் சந்திரன் போல் ஆயிற்று. உடம்பு தேறிவிட்டதென்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றித் திருஷ்டி கழித்தாள். பொட்டலம் மூன்று வருஷம் வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு நாள் முற்றத்தில் லேசாக வழுக்கியதற்கே பெரியம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அதற்கப்புறம் அவள் நடமாடவில்லை. விரல்களும் முன்னைவிட மோசமாகக் கோணிப்போயிருந்தன.

வெகு காலத்துக்குப் பின் இந்தக் கதையை ஒரு டாக்டர் நண்பரிடம் சொன்னேன்.

"முகம் வீங்கினதைத்தான் நீங்கள் எல்லோரும் உடம்பு தேறினதாக நினைத்தீர்கள். எலும்பு உள்ளே உளுத்துக்கொண்டிருந்தது. பொட்டலத்தில் இருந்தது ஸ்டீராய்டாகத்தான் இருக்க வேண்டும்" என்றார் அவர்.

அந்த மருந்தின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு கதையைத் தேடிப் போன எனக்கு இரண்டு கதைகள் கிடைத்தன. ஒன்று உலகமே கைதட்டிய கதை. மற்றது நாற்பது வருஷம் கவனிப்பாரற்றுக் கிடந்த கதை. இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொடங்குகின்றன என்பதுதான் விசேஷம்.

கதைக்குப் போகுமுன் நோயைப் பற்றி இரண்டு வார்த்தை. கீல் என்றால் மூட்டு. கதவுக்கும் கீல் உண்டு, கைக்கும் கீல் உண்டு. கதவின் கீல் நாளடைவில் தேய்கிறது. அப்படியே வயதும் உடற்பாரமும் பழைய காயங்களும் சேர்ந்து, முழங்கால் மூட்டின் வழவழப்பான குருத்தெலும்பைக் கெடுப்பதுண்டு. வயதானவர்களின் முழங்கால் வலி பெரும்பாலும் இந்த ரகம். பெரியம்மாவுக்கு வந்தது வேறு. அது தேய்மானம் அல்ல, நெருப்பு. நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல் படையே திசை தவறி, மூட்டின் உட்சவ்வைப் பகைவன் என்று எண்ணித் தாக்குகிறது. சவ்வு வீங்குகிறது, வீங்கிய சவ்வு பக்கத்திலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. நம்மவர்கள் இதை முடக்குவாதம் என்பார்கள். மேனாட்டு வைத்தியத்தில் இதற்கு 'ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்று 1859-இல் நாமகரணம் செய்தவர் ஆல்பிரட் பேரிங் கராட் என்ற ஆங்கில டாக்டர். ஆண்களைவிடப் பெண்களையே இது அதிகமாகப் பிடிக்கிறது. அடுப்படியிலும் அம்மிக்கல்லிலும் ஓய்வில்லாத கைகளாகப் பார்த்துப் பிடிப்பது என்ன நியாயமோ!

இனி முதல் கதை.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்திலுள்ள ராச்செஸ்டர் என்ற ஊரில் மேயோ க்ளினிக் என்ற பிரசித்தி பெற்ற வைத்தியசாலை இருக்கிறது. அங்கே மூட்டு நோய்ப் பிரிவில் பிலிப் ஹெஞ்ச் என்ற டாக்டர் இருந்தார். 1929-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், 65 வயதான முடக்குவாத நோயாளி ஒருவர் அவரிடம் ஒரு விநோதத்தைச் சொன்னார். அவருக்கு மஞ்சள் காமாலை வந்ததாம். வந்த கையோடு மூட்டு வலி குறைந்துவிட்டதாம். காமாலை போன பிறகும் மாதக்கணக்கில் வலி திரும்பவில்லை.

வேறொருவராயிருந்தால் சிரித்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருப்பார். ஹெஞ்ச் அதைக் குறித்துவைத்தார். அதன் பிறகு காமாலை கண்ட மூட்டு நோயாளிகளை எல்லாம் தேடித் தேடி விசாரித்தார். அவர்களில் அநேகருக்கும் அப்படியே நடந்திருந்தது. சில வருஷங்களில் இன்னொரு விநோதமும் தென்பட்டது. முடக்குவாதமுள்ள பெண்கள் கர்ப்பமுற்றால், அந்த மாதங்களில் பலருக்கு நோய் ஒதுங்கி நிற்கிறது. பிரசவமானபின் திரும்பி வருகிறது.

துப்பறியும் கதைகளில் இரண்டு தடயங்கள் கிடைத்தால் இரண்டையும் ஒன்றோடொன்று உரசிப் பார்ப்பார்கள் அல்லவா? ஹெஞ்சும் அதையே செய்தார். நன்மை செய்வது பித்தநீராக இருந்தால், காமாலையே இல்லாத கர்ப்பிணிக்கு வலி குறைவானேன்? பெண்களுக்கே உரிய சுரப்பாக இருந்தால், காமாலை கண்ட ஆண் பிள்ளைக்குக் குறைவானேன்? ஆகவே இரண்டு நிலைகளிலும் உடம்பில் அதிகப்படும் பொதுவான வஸ்து ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அதற்குப் 'பொருள் எக்ஸ்' என்று பெயர் வைத்தார். அதைப் பிடிக்க அவர் செய்யாத முயற்சி இல்லை. நோயாளிகளுக்குப் பித்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார். காமாலைக்காரர்களின் ரத்தத்தை ஏற்றிப் பார்த்தார். பொருள் எக்ஸ் அகப்படவில்லை.

அதே வைத்தியசாலையில் எட்வர்ட் கெண்டால் என்ற ரசாயன நிபுணர் இருந்தார். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி வைத்ததுபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து அவர் பல வஸ்துக்களைப் பிரித்தெடுத்து, ஏ, பி, சி என்று எழுத்துக்களால் பெயரிட்டு வைத்திருந்தார். 1941-இல் இருவரும் கலந்து பேசினார்கள். அந்த வரிசையில் 'ஈ' என்ற கூட்டுப்பொருளை ஒரு நாள் நோயாளிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஆனால் கொடுப்பதற்குப் பொருள் ஏது? அப்போது அது கடுகளவுதான் கிடைத்தது. 1944-இல் மெர்க் கம்பெனியைச் சேர்ந்த லூயி சாரட் என்ற இளைஞர், மாட்டின் பித்தத்திலிருந்து தொடங்கி முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் அதைச் செயற்கையாகச் செய்து காட்டினார். நோயாளிக்குக் கொடுத்துப் பார்க்கப் போதுமான அளவு சேர்வதற்கு இன்னும் நான்கு வருஷம் ஆயிற்று.

1948-ஆம் வருஷம் செப்டம்பர் 21-ஆம் தேதி. 29 வயதான ஒரு பெண், சில வருஷங்களாக நோயில் முடங்கிச் சக்கர நாற்காலியில் இருந்தவர், முதல் ஊசியைப் போட்டுக்கொண்டார். இரண்டொரு நாளில் படுக்கையில் புரண்டு படுப்பது சுலபமாயிற்று. பிறகு எழுந்து நடந்தார். ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பினார்!

சில மாதங்கள் விஷயத்தை ரகசியமாக வைத்து, மேலும் சிலருக்குக் கொடுத்துச் சரிபார்த்துவிட்டு, 1949 ஏப்ரலில் ஹெஞ்சும் கெண்டாலும் வெளியிட்டார்கள். கூடவே, அதே நோயாளிகள் முன்பு நடந்ததையும் பின்பு நடந்ததையும் பிடித்த சினிமாப் படத்தைக் காட்டினார்கள். பிடித்துக்கொண்டு நின்றவர்கள் படியேறி இறங்குவதைப் பார்த்து டாக்டர்களே பிரமித்துவிட்டார்கள். 'ஈ' என்று சொன்னால் வைட்டமின் ஈ என்று ஜனங்கள் குழம்புவார்கள் என்பதால் அதற்குக் கார்டிஸோன் என்று பெயர் சூட்டினார்கள். முதல் ஊசி போட்ட இரண்டே வருஷத்தில், 1950-இல், ஹெஞ்சுக்கும் கெண்டாலுக்கும், சுவிட்சர்லாந்தில் இதே துறையில் உழைத்த ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்விடத்தில் கதை முடிந்திருந்தால் எங்கள் பெரியம்மா கடைசிவரை நடமாடியிருப்பாள். கதை முடியவில்லை. ஊசியை நிறுத்தினால் நோய் திரும்பிற்று. நிறுத்தாமல் அதிக அளவில் நீடித்தால் முகம் சந்திரன் போல் உப்பிற்று. எலும்பின் பலம் குன்றிற்று. சிலருக்குச் சித்தமே கலங்கிற்று. வயிற்றில் புண், ரத்தத்தில் சர்க்கரை, எதிர்ப்புச் சக்திக் குறைவு என்று பட்டியல் நீண்டது. ஹெஞ்சின் பேரில் குற்றம் சொல்ல முடியாது. இது நோயை வேரோடு களையும் மருந்தல்ல, அடக்கி வைக்கும் மருந்துதான் என்பதை அவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். சினிமாப் படத்தில் கண்டது ஜனங்களின் மனத்தில் பதிந்த அளவு அந்த எச்சரிக்கை பதியவில்லை.

இப்போது இரண்டாவது கதை. இதற்கு நாம் மின்னசோட்டாவை விட்டுச் சென்னைத் திருவல்லிக்கேணிக்கு வர வேண்டும்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-இல், அந்நாளைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தவர். படிப்பில் சூரர் என்று சொல்வதற்கில்லை. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை தவறி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் தடவை தேறினார். ராஜதானிக் கல்லூரியில் இன்டர்மீடியட். (இன்டர்மீடியட்டுக்கு மேல் போகாத என்னைப் போன்றவர்கள் இதுவரை அவரோடு சமமாக நடந்து வரலாம்; இதற்குமேல் அவர் போகும் வேகத்துக்கு நம்மால் ஈடுகொடுக்க முடியாது.) பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு ரண சிகிச்சை அறைக்குக் கதர் அங்கி அணிந்து போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் அவருக்குக் கிடைத்தது எம்.பி.பி.எஸ். அல்ல, ஒரு படி தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டந்தான்.

இதற்கிடையில் அவர் குடும்பத்தில் இடி விழுந்தது. கிராணியைச் சேர்ந்த 'ஸ்ப்ரூ' என்ற நோய்க்கு அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாட்கள் இடைவெளியில் பலியானார்கள். உண்ட உணவு உடம்பில் ஒட்டாமல், ரத்தம் வற்றிச் சாக வேண்டிய நோய் அது. சுப்பாராவையும் அது பற்றிற்று. ஆயுர்வேத சிகிச்சையில் அவர் பிழைத்தார். இந்த நோய்க்கு மருந்து காண்பது என்று சங்கற்பம் செய்துகொண்டு, 1920-களின் தொடக்கத்தில், மனைவியை ஊரில் விட்டுவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். போனவர் திரும்பி வரவேயில்லை.

பாஸ்டன் நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் இரவு நேரத்தில் நோயாளிகளின் மலசலத் தட்டுக்களைக் கழுவிப் பிழைத்துக்கொண்டு, பகலில் ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தார். 1940-இல் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். அந்நாளில் கீரையிலும் ஈஸ்ட்டிலும் ஈரலிலும் உள்ள ஒரு சத்து, ஒரு வகை ரத்த சோகையைப் போக்கும் என்பது தெரிந்திருந்தது. இதற்கு வழிகாட்டியவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர். பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளின் ரத்த சோகையை 1928 முதல் ஆராய்ந்தவர். 'இலை' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அந்தச் சத்துக்குப் போலிக் அமிலம் என்று பெயர் வந்தது. சுப்பாராவின் குழுவினர் 1945-இல் அதைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். ஸ்ப்ரூவுக்கு அது மருந்தாயிற்று. சகோதரர்கள் விஷயத்தில் எடுத்த சங்கற்பம் நிறைவேறிற்று.

ஆனால் அமிலத்தின் வேலை முடியவில்லை. பாஸ்டனில் சிட்னி பார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளைக் கவனித்து வந்தார். போலிக் அமிலம் கொடுத்தால் அந்த நோய் அதிகமாவதுபோல் அவருக்குத் தோன்றிற்று. அப்படியானால் அந்த அமிலத்தைப் போலவே வேஷம் போட்டு, உள்ளே புகுந்து அதன் வேலையைக் கெடுக்கும் வஸ்து ஒன்று கிடைத்தால் நோய் அடங்குமல்லவா? சுப்பாராவின் கூட்டத்தார் அத்தகைய வஸ்துக்களைச் செய்து அனுப்பினார்கள். அவற்றில் ஒன்றான அமினாப்டெரின் 16 குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டு, 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் தணிந்தது. 1948 ஜூனில் இந்தச் செய்தி வெளியாயிற்று. அமினாப்டெரினின் நெருங்கிய உடன்பிறப்புத்தான் மெத்தோட்ரெக்ஸேட்.

அடுத்த ஆகஸ்ட் மாதத்தில் சுப்பாராவ் தூக்கத்திலேயே காலமானார். வயது 53. ஏறக்குறைய ஆறு வாரம் கழித்து ராச்செஸ்டரில் ஹெஞ்ச் தம் முதல் கார்டிஸோன் ஊசியைப் போட்டார். தம்முடைய மருந்துக்கும் மூட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது சுப்பாராவுக்குத் தெரியவே தெரியாது.

அந்தச் சம்பந்தம் 1951-இல் வெளிப்பட்டது. அமெரிக்காவில் கப்னர் என்பவரும் அவர் சகாக்களும் அமினாப்டெரினை முடக்குவாதக்காரர்களுக்குக் கொடுத்து, வீக்கம் தணிவதைக் கண்டு எழுதினார்கள். யார் கவனித்தார்கள்? கார்டிஸோன் மூன்று நாளில் எழுந்து நடக்கவைக்கிறது. இதுவோ பலன் காட்ட வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். போதாக்குறைக்குப் புற்றுநோய் மருந்து என்ற பயம் வேறு. ஆகவே அது சொரியாஸிஸ் என்ற தோல் நோயைக் கவனிக்கும் டாக்டர்களிடம் போய்ச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டது. அந்தத் தோல் நோயாளிகளில் சிலருக்கு மூட்டு வலியும் அடங்குவதைப் பார்த்து, மூட்டு டாக்டர்கள் மெல்ல மெல்லத் திரும்பிப் பார்த்தார்கள். 1980-களில் ஒழுங்கான பரிசோதனைகள் நடந்தன. 1988-இல்தான் அமெரிக்க அரசாங்கம் முடக்குவாதத்துக்கென்று மெத்தோட்ரெக்ஸேட்டை அங்கீகரித்தது. சுப்பாராவ் கண்மூடி அப்போது 40 வருஷம் ஆகியிருந்தது.

இன்று உலகெங்கும் முடக்குவாத சிகிச்சை பெரும்பாலும் இந்த மருந்தில்தான் தொடங்குகிறது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவை நோக்க இது மிகச் சொற்பம். வாரத்துக்கு ஒரே ஒரு நாள். இந்த 'ஒரு நாள்' என்பதை மறந்து தினந்தோறும் விழுங்கினால் பிராணாபத்து. கர்ப்பிணிகளுக்கு ஆகாது, ரத்தத்தையும் ஈரலையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். இவ்வளவு கட்டுப்பாட்டுடன் இதைக் கொடுப்பதேன்? வலியை மட்டும் மறைக்காமல், சவ்வில் எரியும் நெருப்பைத் தணித்து, எலும்பு அரிக்கப்படுவதை மட்டுப்படுத்துவதால்தான். இதற்கு அடங்காதவர்களுக்கு 1990-களின் கடைசியிலிருந்து வேறு புதிய மருந்துகளும் வந்திருக்கின்றன. கார்டிஸோன் குடும்பத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. மெத்தோட்ரெக்ஸேட் பலன் காட்டும்வரை, சிறிய அளவில், சில காலத்துக்கு, டாக்டரின் கண்பார்வையில் அதைக் கொடுப்பதுண்டு. பெரியம்மாவுக்கு நேர்ந்ததுபோலப் பெயர் தெரியாத பொட்டலத்தில் வருஷக்கணக்கில் வருவதுதான் விஷம்.

வலி போவது ஒன்று, மூட்டு பிழைப்பது ஒன்று என்பதை வைத்திய உலகம் கற்றுக்கொள்ள இத்தனை காலம் ஆயிற்று. நம் வீடுகளில் இன்னும் முழுவதும் கற்றுக்கொள்ளவில்லை. கை விரல்களின் சிறு மூட்டுக்கள் வீங்கி, காலையில் எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரம் மரக்கட்டையாய் விறைத்திருந்து, வாரக்கணக்கில் அப்படியே நீடித்தால், அது வாயுவும் அல்ல, குளிர்ந்த நீரில் புழங்கிய தோஷமும் அல்ல. எலும்பு அரிபடத் தொடங்குமுன் மூட்டு டாக்டரைப் பார்க்க வேண்டிய வேளை அது. ஒருமுறை கோணிய விரலை எந்த மாத்திரையும் நிமிர்த்தாது. தேய்மான ரகத்துக்கோ நேர்மாறான தப்பபிப்பிராயம் ஒன்று உண்டு. நடந்தால் முழங்கால் இன்னும் தேயும் என்று பயந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்கார உட்காரத் தொடைத் தசை இளைக்கும், உடற்பாரம் கூடும், இரண்டு சுமையும் மூட்டின் தலையில்தான் விழும். அளவாக நடப்பதும், தசையை உரப்படுத்துவதும், எடையைக் குறைப்பதுமே அந்தக் கீலுக்கு எண்ணெய்.

பெரியம்மாவின் பேத்திக்கு, அதாவது அவள் மகள் வயிற்றுப் பெண்ணுக்கு, நான்கு வருஷத்துக்கு முன் இதே நோய் கண்டது. இரண்டு குழந்தைகளுக்குத் தாய். பாட்டியின் விரல்களை நினைத்துக்கொண்டு அவள் அம்மா அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். ஆனால் பெண் ஒரு மாதங்கூடத் தாமதிக்காமல் டாக்டரிடம் போய்விட்டாள். அவர்கள் வீட்டு நாட்காட்டியில் புதன்கிழமைகளுக்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறது. அது மெத்தோட்ரெக்ஸேட் நாள். வெள்ளிக்கிழமைக்குப் பச்சை வட்டம்.

"வெள்ளிக்கிழமை என்ன?" என்று கேட்டேன்.

"அது போலிக் அமிலம், மாமா. புதன்கிழமை மாத்திரையால் வாய்ப்புண் அது இதென்று வராமலிருக்க இதையும் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் டாக்டர்."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. போலிக் அமிலத்தை மடக்குவதற்குப் பிறந்த மருந்து ஒரு நாள். அந்த மருந்தின் தொல்லையைத் தணிக்க அதே போலிக் அமிலம் இன்னொரு நாள். இரண்டும் ஒரே ஆராய்ச்சிக் கூடத்தில், ஒரே மனிதரின் மேற்பார்வையில் உருவானவை. நாட்காட்டியின் அடியில் உட்கார்ந்துகொண்டு, திருவல்லிக்கேணியில் படித்த அந்தப் பையனின் கதையை, கதர் அங்கியிலிருந்து தொடங்கி, அவளுக்குச் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சிறிது நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "பாட்டிக்கு விரல் கோணினபோது இந்த மருந்து இருந்ததா, மாமா?" என்று கேட்டாள்.

இருந்தது, தோல் வியாதிக்காரர்களின் அலமாரியில் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாசலில் அன்று காலை அவள் போட்டிருந்த கோலத்தைப் பார்த்தேன். இருபத்தொரு புள்ளி இல்லை, பதினைந்துதான். ஓரிடத்தில் இழை கொஞ்சம் நடுங்கியிருந்தது. ஆனால் அறவில்லை.